தொழிலகச் செவிலியர் உடை

ஆலை, சுரங்கம், துறைமுகம் போன்ற பணியிடங்களில் தொழிலாளர் உடல்நலத்தைக் கவனிக்கும் செவிலியர், பணியின்போது அணியும் உடையும் காப்பணிகளும் தொழிலகச் செவிலியர் உடை எனப்படும். இது மருத்துவமனைச் சீருடையிலிருந்து பிறந்தது. நோயாளி தேடி வரும் இடத்துக்காகத் தைத்த உடை, தொழிலாளியைத் தேடிச் செவிலியர் ஓட வேண்டிய இடத்துக்குப் பொருந்தவில்லை. அந்தப் பொருத்தமின்மையைச் சரிசெய்ய நடந்த முயற்சிகளே இதன் வரலாறு.

மூல வடிவத்தில் இரண்டு சாயல்கள் கலந்திருந்தன: கன்னியர் மடத்துத் தலைத்துணி, பெரிய வீட்டுப் பணிப்பெண்ணின் ஏப்ரன். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பயிற்சிப் பள்ளி 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய பின், பயிற்சி பெற்ற செவிலியரைப் பார்த்தவுடன் அடையாளம் காட்டும் சீருடை பரவியது. நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் 1876இல் யூஃபேமியா வான் ரென்சலர் அணிந்து காட்டிய நீல வெள்ளைக் கோடு போட்ட உடை அமெரிக்காவில் முன்மாதிரியானது. கழுத்துப்பட்டை, கைப்பட்டை, தொப்பி எல்லாம் அதில் உண்டு. பெண் வெளியே வந்து வேலை செய்வதையே ஐயத்தோடு பார்த்த காலத்தில் அந்த உடை அவளுக்கு மதிப்பையும் காவலையும் தந்தது. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

பிரிட்டனின் முதல் தொழிலகச் செவிலியராகப் பலரும் குறிப்பிடுபவர் பிலிப்பா ஃபிளவர்டே. 1878இல் நாரிச் நகரின் கேரோ ஆலையில், கடுகுத்தூள் செய்யும் கோல்மன் நிறுவனம் அவரை நியமித்தது. ஆலை மருத்துவருக்கு உதவுவதும் நோயுற்ற தொழிலாளரை வீட்டில் சென்று பார்ப்பதும் அவர் வேலை. 1895இல் அமெரிக்காவின் வெர்மான்ட் பளிங்குக்கல் நிறுவனத்தில் சேர்ந்த ஏடா மேயோ ஸ்டூவர்ட், ப்ராக்டர் ஊரின் வீடுகளுக்கு மிதிவண்டியில் போய் வந்தார். தொடக்கத்திலேயே இந்த வேலை நடையும் ஓட்டமுமாகத்தான் இருந்தது.

ஆலைக்குள் ஆபத்து வேறு. அந்நாளில் கூரையோரம் சுழலும் நீண்ட இரும்புத் தண்டிலிருந்து தோல்பட்டைகள் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் ஓட்டின. தரையைத் தொடும் பாவாடை, முதுகில் முடிந்த ஏப்ரன் நாடா, தொங்கும் முடி ஆகிய எது பட்டையில் சிக்கினாலும் ஆளையே இழுத்துவிடும். இரண்டு உலகப்போர்களிலும் ஆலைக்கு வந்த பெண் தொழிலாளர் பலர் கால்சட்டைக்கும் தலைக்கட்டுக்கும் மாறினர். செவிலியரோ பெரும்பாலும் வெள்ளை உடையிலும் கஞ்சி போட்ட தொப்பியிலுமே இருந்தார்.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் செவிலியர் உள்ளிட்ட பணியாளரோடு முதலுதவி அறை இருக்க வேண்டும் என்றது. ஓடும் இயந்திரத்தைப் பரிசோதிப்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்றதும் அதே சட்டம். ஓ.எச்.சி. என்று தொழிலாளர் சொல்லும் உடல்நல மையத்துக்குள் சேலை கண்ணியமான உடை. ஆனால் முந்தானையைப் பின் குத்திக்கொண்டாலும் கொசுவம் காலைத் தடுக்கும். துப்பட்டாவும் அப்படித்தான். உற்பத்திக்கூடத்துக்குள் இரண்டுக்கும் இடமில்லை.

1970களுக்குப் பின் மேலைநாடுகளில் தொப்பி மெல்ல மறைந்தது. அறுவை அரங்கின் ஸ்க்ரப்ஸ் உடை வெளியே வந்தது. அமெரிக்காவில் 1991இல் வெளியான ரத்தவழித் தொற்று விதி, கையுறை முதலிய காப்புடைகளை வேலை தருபவரே வாங்கித் தந்து, அவரே சுத்தம் செய்து தர வேண்டும் என்றது. அடிபட்டவரின் ரத்தம் செவிலியரின் வீட்டுத் துணிகளோடு சேராமல் அது தடுத்தது. சீருடை பற்றிய விதிகளில் செவிலியரின் குடும்பத்தையும் நினைத்த விதி இது என்பேன்.

2007இல் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை, முழங்கைக்குக் கீழே துணி, கடிகாரம் எதுவும் இல்லாமல் நோயாளியைத் தொடச் சொன்னது. கை கழுவ அதுவே வசதி. ஆனால் வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் முழுக்கை தேவை. ஒரே செவிலியர் ஒரே நாளில் இரண்டு தேவைக்கும் ஏற்ப உடுத்த வேண்டியிருக்கிறது. துணியையும் பார்க்க வேண்டும்: பாலியஸ்டர் தீயில் உருகித் தோலோடு ஒட்டும், பருத்தி அப்படி உருகாது. வெள்ளை அங்கியைப் பார்ப்பதே சிலருக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றிக் காட்டுவதுண்டு. உடல் தகுதிச் சோதனைக்கு வரும் தொழிலாளிக்கு அந்த எண் பிழைப்பைத் தீர்மானிப்பது.

இன்னொரு தவறும் திருத்தப்பட வேண்டும். சட்டையிலோ கைப்பட்டையிலோ செஞ்சிலுவை பொறிப்பதை இந்தியாவின் 1960ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தச் சட்டம் மத்திய அரசின் அனுமதியின்றி ஏற்பதில்லை. முதலுதவிக்கான உலகக் குறி, பச்சை நிறத்தின்மேல் வெள்ளைச் சிலுவை.

அறையில் அரைக்கைப் பருத்தி உடை, மூடிய காலணி. கூடத்துக்குள் இறங்கும்போது முழுக்கை மேலங்கி, ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பான், சேஃப்டி ஷூ. பொருத்தமான உடை என்பது இந்த இரண்டு தொகுதியும் சேர்ந்ததுதான். விபத்து மணி அடித்தவுடன், பார்வையாளருக்காக வைத்த அளவு தெரியாத ஷூவை மாட்டிக்கொண்டு செவிலியர் ஓடும் நிலை கூடாது. அவருடைய கால் அளவில் ஒரு ஜோடியை அறைக் கதவருகே நிர்வாகம் வாங்கி வைக்கட்டும்.