முஜி கின்ஸா

ஜப்பானின் தலைநகராகிய டோக்கியோவில், தனவந்தர்களின் கடைத்தெருவென்று பிரசித்தி பெற்ற கின்ஸாவில், 2019 ஏப்ரல் 4ஆம் தேதி திறக்கப்பெற்ற வாணிப நிலையம். 'முஜிருஷி ரியோஹின்' (முத்திரையில்லா நற்சரக்கு) என்பதன் சுருக்கமே முஜி. பத்து மாடிக் கட்டடமொன்றின் நிலவறையில் உணவகமும், அதற்கு மேல் துணிமணி, மேஜை நாற்காலி, சமையற் பாத்திரம், எழுதுபொருள் ஆகியவற்றின் விற்பனைத் தளங்களும், ஆறாம் மாடியில் 'அட்டெலியே முஜி' என்னும் வடிவமைப்புக் கண்காட்சிக் கூடமும், ஆறு முதல் பத்து வரையிலான மாடிகளில் 79 அறைகள் கொண்ட தங்கும் விடுதியும் உள்ளன. அறைகளில் வைக்கப்பட்டிருக்கும் சாமான்களிற் பல கீழ்த்தளங்களிலேயே விலைக்குக் கிடைப்பவையாதலால், விருந்தினராக வருபவர் ஓரிரவு அவற்றைப் பயன்படுத்திப் பார்த்தபின் காலையில் இறங்கி வாங்கிச் செல்லலாம். உபசாரத்தையும் வியாபாரத்தையும் இத்தனை சாமர்த்தியமாகப் பிணைத்த ஏற்பாடு அரிது.

இந்த ஸ்தாபனத்தின் பிறப்பு மிக எளியது. ஸெய்யு என்னும் பேரங்காடி நிறுவனம் 1980 டிசம்பரில், உணவுப்பண்டங்கள் 31, வீட்டுச் சாமான்கள் 9, ஆக 40 சரக்குகளைத் தன் சொந்த வரிசையாக விற்கத் தொடங்கியது. ஸெய்யுவை உள்ளடக்கிய ஸெஸோன் குழுமத்தின் தலைவர் ட்சுட்சுமி ஸெய்ஜி, புனைபெயரில் கவிதையும் நாவலும் எழுதியவர். வரைகலைஞர் தனகா இக்கோவும், விளம்பர வாசகங்களை அமைப்பதில் தேர்ந்த கொய்கே கஸுகோ அம்மையாரும் அவருக்குத் துணைநின்றனர். மூலப்பொருளைத் தேர்வதில் விவேகம், செய்முறையில் வீண்வேலையைக் களைதல், பொதிவதில் எளிமை என்னும் மூன்றுமே அவர்கள் வகுத்த நியமங்கள். சுவையில் குறைவில்லாவிடினும் உருவம் உடைந்ததற்காக ஒதுக்கப்பட்டு வந்த உலர்ந்த காளான் இந்நியமத்தால் கடைக்கு வந்தது; கூழை வெளுக்கும் வேலை நிறுத்தப்படவே, காகிதம் இயற்கையான மங்கல் நிறத்தோடு விற்கப்பட்டது.

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ, மளிகைக் கடைக்காரர் பருப்பைப் பழைய செய்தித்தாளில் மடித்து, மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்துச் சுற்றித் தந்த பொட்டலங்களை வாங்கி வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன விசேஷம் என்று தோன்றுதல் இயல்பே. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் கடைந்தெடுக்கப்படும் உதிரிபாகங்களும் செய்தவர் பெயரைத் தாங்காமலே பிறருடைய வண்டிகளில் சென்று சேர்கின்றன. ஆனால் அவை வேறு வழியின்றிப் பெயரிழந்தவை. முஜியோ, பெயர்களும் பகட்டும் பெருகிவிட்ட ஒரு சமூகத்தில், வேண்டுமென்றே பெயரைத் துறந்து, அத்துறவினாலேயே உலகப் பெயர் பெற்றது.

ஸெய்யுவிலிருந்து பிரிந்து, முஜிக்கென ரியோஹின் கெய்ககு என்னும் தனி நிறுவனம் 1989இல் அமைந்தது. 1991இல் லண்டனில் கடை திறந்தது. பத்தாண்டு கழித்து, 2001இல், நஷ்டம் நேர்ந்தபோது, தலைமையேற்ற மட்ஸுயி ததமிட்ஸு விற்காத உடைகளைக் கொளுத்திவிட உத்தரவிட்டார். சிக்கனத்தையே மூலதனமாகக் கொண்ட ஸ்தாபனத்தின் சரித்திரத்தில் இது விசித்திரமான அத்தியாயம். கடை நடத்தும் முறைகளை நுணுக்கமாக விவரிக்கும், ஏறத்தாழ 2,000 பக்கங்கொண்ட 'முஜிகிராம்' என்ற கைந்நூலும் அவர் ஏற்பாடே. அக்காலத்திலேயே கலைத்துறைப் பொறுப்பேற்ற ஹரா கென்யா, 2003இல், பொலிவியாவின் உயுனி உப்புவெளியின் அடிவானத்தையே விளம்பரமாக வெளியிட்டார். அதில் சரக்கு ஏதும் காட்டப்படவில்லை.

முஜியின் விடுதிகளுள் முதலாவது 2018 ஜனவரியில் சீனத்தின் ஷென்ஜெனிலும், அடுத்தது அதே ஆண்டில் பெய்ஜிங்கிலும் எழுந்தன, கின்ஸா மூன்றாவது. ஆடம்பரமும் வேண்டாம், அற்பமும் வேண்டாம் என்பது விடுதிக் கொள்கை. பழைய டோக்கியோ டிராம் பாதைகளில் பதிந்திருந்த கற்கள் இங்கே சுவரில் மறுபடி உபயோகப்பட்டுள்ளன.

இந்தியாவில் ரிலையன்ஸ் பிராண்ட்ஸுடன் கூட்டாக 2016 ஆகஸ்டில் மும்பையிலும், பின்னர் பெங்களூரிலும் முஜி கடைகள் திறந்தன. காரணத்தோடு விலை குறைத்தல் என்பதே இவ்வியாபாரத்தின் முதல் வாக்குறுதி. கடல் கடந்து, வரியும் சேர்ந்து வந்த சரக்கு நம் நாட்டில் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுவதாக இருந்ததென்று சொல்வதற்கில்லை.