ஆறு பாய்களும் ஒரு சாக்கும்

2011-இல் முதுகலை சமூகவியல் படித்துக்கொண்டிருந்தபோது, களப்பணிக்காக நாங்கள் மூன்று பேர் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போனோம். செயல்வழிக் கற்றல் நடந்துகொண்டிருந்த காலம். வகுப்பில் பெஞ்சு கிடையாது, ஆறு பாய்கள். சுவரில் ஏணிப்படி அட்டவணை. பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பி கட்டி, அதில் அவர்கள் வரைந்த படங்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அரைமணி நேரம் கழித்துத்தான் எங்களுக்கு உறைத்தது: காலனிப் பிள்ளைகள் அத்தனை பேரும் கதவோரத்து இரண்டு பாய்களில் இருந்தார்கள்.

டீச்சரிடம் கேட்டோம். "நான் ஒண்ணும் சொல்றதில்லைங்க. அதுங்களா வந்து அப்படித்தான் உக்காருதுங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளை அடிக்காமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாடம் நடத்துகிறவர். அதனால்தான் அந்தப் பதில் எங்களைத் தொந்தரவு செய்தது. சேர்க்கை எத்தனை, இடைநிற்றல் எத்தனை என்று எண்ணவே பழகியிருந்தோம். சேர்ந்த பிள்ளை வகுப்புக்குள் யார் பக்கத்தில் உட்கார்ந்தது, என்ன செய்தது என்று பழைய பதிவுகளில் தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

"பிள்ளைக்குப் பிள்ளை சொல்லித்தருவது, கையால் செய்து கற்பது, இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு" என்று சில ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வார்கள். கதை நேர்மாறானது. நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் குழந்தை முதலெழுத்தை மணலில் விரலால் எழுதித்தான் பழகியது. ஓலையும் எழுத்தாணியும் பிறகு. மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்கள் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஒரு பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தன் இல்லத்திலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே ஒரு சின்னப் பையனிடமே வகுப்பை ஒப்படைத்தார். பையன் செய்து காட்டிவிட்டான். 1797-இல் பெல் லண்டனில் இதைப் புத்தகமாக்கினார். 1811-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட தேசியக் கல்விச் சங்கத்தின் பள்ளிகள் இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டன. அதன் பெயரே 'மெட்ராஸ் முறை'.

பெருமைப்படலாம்தான். ஆனால் அந்த மணலில் யாருடைய விரல் பட்டது? எழுதப் பழக்க வேண்டுமானால் குழந்தையின் விரலைப் பிடிக்க வேண்டும். சட்டாம்பிள்ளை பக்கத்தில் உட்கார வேண்டும். தொட்டுக் கற்பிக்கும் முறை அது. தொடக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட குழந்தைக்கு அந்தத் திண்ணையில் ஏது இடம்?

1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826-இல் தொகுத்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வந்தது. தரம்பால் 1983-இல் இந்த ஆவணங்களைப் பதிப்பித்து, தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களில் பிராமணர் அல்லாதவர்களே அதிகம் என்று காட்டினார். அது உண்மை. "அப்போது எல்லோரும் படித்தார்கள், வெள்ளைக்காரன்தான் கெடுத்தான்" என்று அதை நீட்டுகிறவர்களிடம்தான் எங்களுக்குச் சண்டை. கணக்குப் படிவத்தில் இருந்த கட்டங்கள் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முஸ்லிம்கள். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று தனிக் கட்டம் கிடையாது. 'பிற சாதியார்' என்ற ஒரே கட்டத்தை வைத்துக்கொண்டு சேரிப் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்தது என்று சொல்வது ஆராய்ச்சி ஆகாது. தோழர்கள் யாராவது இந்தப் புள்ளிவிவரத்தோடு விவாதத்துக்கு வந்தால், அந்தப் படிவத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளுக்கென்று வகுப்பறைகள் பரவலாக வந்தது 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில். மிஷனரிகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு, 1893-இல் பஞ்சமர் கல்விக்கான அரசாணை. 1894-இல் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் அடையாறுக்குப் பக்கத்தில் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு சென்னையின் வேறு சேரிகளிலும் பள்ளிகள் வந்தன. 'பஞ்சமர்' என்ற பெயரையே அயோத்திதாசர் ஏற்கவில்லை. பள்ளிக்கு வைத்த பெயர் அதுதான்.

அந்தப் பள்ளிகளில் எங்களுக்கு ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. பாமர், கோர்ட்ரைட் என்ற இரண்டு அமெரிக்கப் பெண்கள் அங்கே கிண்டர்கார்டன் முறையைக் கொண்டுவந்தார்கள். வசதியான பள்ளிகள் மனப்பாடத்தில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், சேரிப் பிள்ளைகள் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, விளையாடிக் கற்றார்கள். ஆனால் படிப்பு நான்காம் வகுப்போடு முடிந்தது. அதற்கு மேல் அவர்களுக்கு எதற்கு என்பதுதான் நடத்தியவர்களின் எண்ணம். வகுப்பறை நல்லது, கூரை தாழ்ந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது சேரிக்குள் இருந்த பள்ளி. ஊர்ப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே இடத்தில் உட்காரும் கேள்வியே அங்கே எழவில்லை.

அந்தக் கேள்வி எழுந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு அண்ணலின் சாட்சியம் இருக்கிறது. சதாராவில் சிறுவனாகப் படித்தபோது வகுப்பின் மூலையில் தனியாக, வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். வகுப்பைப் பெருக்குகிற ஆள் அதைத் தொடமாட்டார் என்பதால் மாலையில் சாக்கைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போய், காலையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகம். பதிவேட்டில் அவர் 'சேர்க்கப்பட்ட மாணவர்'தான். சேர்க்கை விவரத்தில் சாக்கு தெரியாது.

1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தையும் இந்த வரிசையில்தான் வைக்கிறோம். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு. மீதி நேரம் பெற்றோரின் தொழிலில் கூட நிற்க வேண்டும். 'செய்து கற்றல்' என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்று யோசியுங்கள். சக்கிலியர் வீட்டுப் பிள்ளைக்குத் தோல், வண்ணார் வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளாவி. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி விலகினார், காமராசர் வந்ததும் திட்டம் போனது.

செயல்வழிக் கற்றலுக்கு வருவோம். ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். 2007-இல் அது மாநிலம் முழுக்கப் போனது. இதன் விதி எளிமையானது. பிள்ளை தன் ஏணிப்படியில் அடுத்த அட்டையை எடுக்க வேண்டும். எந்தக் குழுவில் உட்காருவது என்பதை அட்டையில் உள்ள சின்னம் சொல்லும். ஆசிரியர் உதவும் குழு, சக மாணவர் உதவும் குழு, தானே கற்கும் குழு என்று ஆறு. பெல் பார்த்த சட்டாம்பிள்ளை பிரம்பை விட்டுவிட்டுத் திரும்பி வந்த மாதிரி.

விதிப்படி நடந்தால் தெரு வாரியாக உட்காரவே முடியாது. நாங்கள் பார்த்த பள்ளியில் அட்டையை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் தங்கள் பாய்க்கே திரும்பினார்கள். டீச்சரிடம் இதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "நாளைக்கு அட்டைப்படியே உக்கார வைக்கிறேன்" என்றார்.

மறுநாள் காலனியிலிருந்து வரும் இரண்டாம் வகுப்புச் சிறுமி, சக மாணவர் உதவும் குழுவில், ஊர்த்தெருப் பையன் ஒருவனுக்குப் புளியங்கொட்டை வைத்துக் கழித்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் தப்பாக எண்ணும்போதெல்லாம் கையைத் தட்டிவிட்டாள். மூன்றாம் நாள் இரண்டு பெற்றோர் வாசலில் வந்து நின்றார்கள். "எம் புள்ளைய எதுக்கு எடம் மாத்துனீங்க?" டீச்சர் அசராமல், "நான் மாத்தலைங்க, அட்டைல இருக்குது. மேலிடத்து உத்தரவு" என்றார். அந்த வாரத்தோடு எங்கள் களப்பணி முடிந்தது.

2022 முதல் எண்ணும் எழுத்தும் நடக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கிறார்கள். ஆடல், பாடல், பொம்மை எல்லாம் உண்டு, நல்ல விஷயம். எங்கள் கவலை வேறு. வீட்டில் படித்தவர் இல்லாத பிள்ளைகள் பெரும்பாலும் எந்தத் தெருவில் இருக்கிறார்கள்? அரும்புக் குழு கதவோரத்துப் பாயாக மாறிவிட்டால், இந்த முறை அட்டையே அப்படிச் சொல்லும், டீச்சர் அதைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது.

இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவர்கள் உங்களில் பலர். அடுத்த முறை ஏதாவது தொடக்கப் பள்ளிக்குப் போனால், நோட்டில் வகுப்பறையின் படம் ஒன்றைப் போடுங்கள். எந்தத் தெருப் பிள்ளை எங்கே உட்கார்ந்தது, எந்தக் குழுவில் இருந்தது, துடைப்பத்தை யார் எடுத்தது, தண்ணீர்க் குடத்தில் யார் மொண்டது என்று அதிலேயே குறியுங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம். எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.