கோட்டை விழுந்தது, மாடம் நின்றது



கிரேக்க தேசத்தின் ஏகேயன் கடலில் தீனோஸ் என்னும் தீவு உண்டு. அதன் நடுவே எக்ஸோம்வூர்கோ என்ற பாறைக்குன்று 600 மீட்டருக்கும் மேலாக உயர்ந்து நிற்கிறது. அதன் அடிவாரத்தில் க்ஸினாரா என்ற சிற்றூர் இருக்கிறது.

1207-இல் வெனிஸைச் சேர்ந்த கிசி குடும்பத்தார் இத்தீவைக் கைப்பற்றினர். 1390 முதல் வெனிஸ் குடியரசே நேரடியாக ஆண்டது. கிரேத்தா தீவு 1669-இல் ஒட்டோமானியரிடம் வீழ்ந்த பின்னும், இக்குன்றின் கோட்டையை நம்பித் தீனோஸ் 46 ஆண்டுகள் நிலைத்திருந்தது. ஆயினும் 1715-இல் ஒட்டோமானியக் கடற்படை வந்தபோது, பெரும்போர் ஏதுமின்றிக் கோட்டை சரணடைந்தது. வென்றவர்கள் அதை இடித்துத் தள்ளினார்கள். இன்று அங்கே கற்குவியல்களே கிடக்கின்றன.

அப்படியானால் வெனிஸின் சுவடு எங்கே? கீழே பள்ளத்தாக்குகளைப் பாருங்கள். கற்பலகைகளால் முக்கோணமும் சூரியனுமாகக் கோலமிட்டாற்போன்ற புறாமாடங்கள் தீவெங்கும் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. மேல்தளம் புறாக்களுக்கு, கீழ்த்தளம் உழவுக்கருவிகளுக்கு. புறாவின் இறைச்சி உணவாயிற்று, எச்சம் வயலுக்கு எருவாயிற்று. வெனிஸ் ஆட்சியில் புறா வளர்ப்பது பிரபுக்களின் உரிமை. அவர்கள் போனபின் எளிய உழவர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டனர். இன்று நாம் காணும் மாடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பின்னரே எழுந்தவை.

விசுவாசமும் அவ்வாறே தங்கிற்று. க்ஸினாரா இன்றும் கத்தோலிக்க ஆயர் இல்லமுள்ள ஊர். அங்குள்ள மக்கள் வெனிஸின் மொழியை விட்டுக் கிரேக்கத்திலேயே ஜெபிக்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ் சபையாரும் கத்தோலிக்கரும் அத்தீவில் அருகருகே வாழ்கிறார்கள். காவலுக்கு ஆட்சியாளர் இல்லாதபோதும் அவர்களுடைய ஆலயமணி ஓயவில்லை.

கர்த்தர் காவாத நகரத்தில் காவலாளர் விழித்திருப்பது வீண் என்று 127-ஆம் சங்கீதம் நமக்குப் போதிக்கிறது. பிரியமானவர்களே, நம் சபைகளிலும் மதிலெழுப்ப நாம் விரைகிறோம்; பதவியையும் கட்டிடத்தையும் காத்துக்கொள்ளப் பெரும்பாடு படுகிறோம். நம் பிள்ளைகள் தங்களுடையதாக ஏற்று, தங்கள் சொந்தக் கைகளால் மறுபடியும் கட்டியெழுப்பத்தக்கதாய் எதை அவர்களுக்கு விட்டுச்செல்கிறோம்? இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் இக்கேள்வியை ஆண்டவர் சமுகத்தில் வையுங்கள்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.