நீலமலைக்கு நம்மை ஏற்றிவிட்டவர்கள்

சந்திப்பு விழா முடிந்த மறுநாள், விருப்பம் உள்ளவர்கள் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய் வரலாம் என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். "போகிற வழி, பார்க்கிற இடம் எல்லாம் சேர்த்து ஒரு கட்டுரை எழுதிக் கொடுப்பா" என்றார்கள் மலர்க் குழுவினர். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எந்த லாட்ஜ் மேஜையிலும் கிடைக்கும். நான் மெக்கானிக்கல் படித்தவன். மலையைப் பார்த்தால் சரிவு எவ்வளவு, இதில் எப்படி ஏறினார்கள், எப்படி இறங்கினார்கள் என்றுதான் புத்தி போகிறது. ஆகவே வழியின் வரலாற்றையே எழுதுகிறேன். போகிறவர்களுக்கு வேண்டிய யோசனைகளும் அதற்குள்ளேயே கிடக்கின்றன.

ஊட்டியைக் 'கண்டுபிடித்தவர்' சல்லிவன் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் என்று இத்தனை மக்கள் குடியிருந்த மலையை வெளியாள் வந்து கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? ஃபினீசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் 1603-லேயே மலபார் பக்கமிருந்து ஏறி, தோடர்களைச் சந்தித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு நூற்றாண்டு வெளியுலகம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 1818-ல் கோயமுத்தூர் கலெக்டரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் ஏறினார்கள். அவர்கள் வந்து சொன்னதைக் கேட்டு 1819 ஜனவரியில் கலெக்டர் ஜான் சல்லிவனே கிளம்பினார். அவர் முதலில் தங்கியது ஊட்டியில் அல்ல, கோத்தகிரிப் பக்கத்தில். அந்த ஆண்டு அவரோடு மலைக்குப் போன லெஷனோ என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் உடம்பு நலிந்திருந்தவர். மேலே போனதும் தேறிவிட்டார். மலையின் பெயர் பரவ அது ஒன்று போதுமானதாக இருந்தது.

அதாவது, நீலகிரிக்குப் போன முதல் 'டூரிஸ்டுகள்' வேடிக்கை பார்க்கப் போனவர்கள் அல்ல, நோயாளிகள். சமவெளிக் காய்ச்சலில் அடிபட்ட வெள்ளை அதிகாரிகளும் சிப்பாய்களும் உடம்பு தேற்றப் போனார்கள். 1850-களில் வெலிங்டனில் படைமுகாம் எழுந்ததும் இதே காரணத்தால்தான். போனவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கினார்கள். காலையில் போய் ராத்திரிக்குள் திரும்புகிற வழக்கம் மிகவும் பிற்பாடு வந்தது.

ஊட்டியில் சல்லிவன் கட்டிய கல் வீடு இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கினார் என்பது பிரசித்தம். ஆனால் அதே மனிதர் பிற்காலத்தில், தோடர்களின் நில உரிமைக்காகக் கம்பெனி அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

சரி, வழிக்கு வருவோம். சல்லிவன் காலத்து முதல் பாதை சிறுமுகையிலிருந்து கோத்தகிரி பக்கம் ஏறியது. 1830-களின் தொடக்கத்தில் ராணுவப் பயோனியர்கள் குன்னூர் வழியாக ஒரு பாதை வெட்டினார்கள். அது செங்குத்து. வண்டி போக லாயக்கில்லை. வசதியுள்ளவர்கள் குதிரையில் அல்லது மஞ்சலில் போனார்கள். மஞ்சல் என்றால் மூங்கில் தண்டில் தொங்கும் தூளிப் பல்லக்கு. 1834-ல் மெக்காலே, ஊட்டியில் இருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்க்கச் சென்னையிலிருந்து கிளம்பினார். சுமார் 400 மைலும் மனிதத் தோள்மேலேயே வந்து சேர்ந்தார். நம் படிப்பு இங்கிலீஷுக்கு மாறக் காரணமான அதே மெக்காலேதான்.

அந்தப் போகிகளின் பெயர் ஒன்றுகூட எங்கும் கிடையாது. ஆனால் ஒரு ஏற்பாடு இருந்தது: மாற்று ஆள். பாதிப் பேர் தூக்க, பாதிப் பேர் கூடவே வெறுங்கையோடு நடப்பார்கள். கொஞ்ச தூரத்தில் தோள் மாற்றிக்கொள்வார்கள். ஒரே செட் ஆட்கள் விடாமல் தூக்கினால் மலையில் கால் இடறும், பல்லக்கோடு துரையும் பள்ளத்துக்குப் போவார். இரக்கத்தால் வந்த ஏற்பாடு என்று நான் நினைக்கவில்லை. துரை தன் உயிருக்குச் செய்துகொண்ட பந்தோபஸ்து.

1871 வாக்கில் குன்னூருக்குப் புதிய மலைச்சாலை வந்தது. இன்று நாம் பஸ்ஸில் போவது ஏறக்குறைய அந்தத் தடம்தான். அதைப் போட்ட லா என்ற ராணுவ எஞ்சினியரின் பெயர்தான் குன்னூர் அருகே லாஸ் அருவிக்கு. 1873-ல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. அங்கே இறங்கியவர்கள் டோங்கா என்ற இரட்டைச் சக்கரக் குதிரை வண்டியில் ஏறினார்கள். அதற்கும் மாற்று உண்டு. வழிநெடுக இடங்கள் குறித்து வைத்து, களைத்த குதிரையை அவிழ்த்துப் புதுக் குதிரை பூட்டுவார்கள். அடிவாரக் காட்டில் மட்டும் இரவு தங்க அஞ்சினார்கள். கல்லாறு பக்கத்து மலேரியாவுக்கு அவ்வளவு பேர்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலை ரயில் யோசனை 1854-லேயே பேசப்பட்டது. சுவிட்சர்லாந்தில் ரிகி மலைக்கு 1871-ல் பல்சக்கர ரயில் விட்ட ரிக்கன்பாக் என்ற எஞ்சினியரே குன்னூருக்கு வந்து பார்த்தார். 1885-ல் ஒரு கம்பெனி தொடங்கியது. 1891-ல் வேலை ஆரம்பம். சில ஆண்டுகளில் கம்பெனி திவால். பிறகு புதிய கம்பெனி வந்து, 1899 ஜூனில் மேட்டுப்பாளையம் - குன்னூர் திறந்தது. ஊட்டி வரை போய்ச் சேர 1908 ஆகிவிட்டது. கடைசியில் போட்டது ரிக்கன்பாக்கின் பல் தண்டவாளம் அல்ல, அவரிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் என்பவர் வடிவமைத்தது. (சிஷ்யன் முந்துவது நம் கல்லூரி லேபில் மட்டும் நடப்பதல்ல.)

கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டரில் 1,300 மீட்டர் ஏற வேண்டும். சில இடங்களில் 12 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம். வழுவழுப்பான சக்கரம் அங்கே வழுக்கும். ஆகவே இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டைப் பதித்தார்கள். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். அதனால் எஞ்சினின் பல்சக்கரம் ஒருகணமும் பிடி விடாது. எஞ்சின் எப்போதும் கீழ்ப்புறம் நின்று தள்ளும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் தனியாகக் கீழே ஓடிவிடக் கூடாதே! தள்ளுகிற டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. அதனால் ஒவ்வொரு பெட்டியின் முன்னும் ஒரு பிரேக்மேன் நிற்பார். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார், மற்றவர்கள் அதைப் பின்னுக்குக் கடத்துவார்கள். வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். குன்னூர் வந்ததும் நீராவி எஞ்சின் கழன்றுகொள்ள, டீசல் எஞ்சின் வந்து மாட்டும். இங்கேயும் அதே மாற்று.

மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 250 பாலம், 16 குகை. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எனக்கு அதைவிடப் பெருமை வேறொன்றில். சுவிஸ் நாட்டு வின்டர்தூரிலிருந்து வாங்கிய எஞ்சின்கள் தேய்ந்துபோன பிறகு, திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2011 முதல் அதே மாதிரி எஞ்சினைப் புதிதாகவே கட்டிக் கொடுத்தார்கள். நம் ஊர் ஃபிட்டர்கள் கைவேலை.

இனி சாலைக்கு வருகிறேன். தம்பி தங்கைகள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

நாங்கள் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை பார்க்க ஒரு வாடகை பஸ்ஸில் போனோம். ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டம். இருட்டிய பின் இறங்கும்போது பர்லியாருக்கு மேலே கருகல் வாசனை. கிளீனர் பையன் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தான். பிரேக் டிரம்மிலிருந்து புகை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டிரைவர் அண்ணனிடம் பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. "முந்தாநேத்து நைட்டு குருவாயூர் ட்ரிப்புப்பா. காலைல வந்து இறக்கிட்டு, மறுபடி ஒரு கல்யாண ட்ரிப்பு. நேரா இங்க வந்துட்டேன்" என்றார். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ரோடு ஓரத்திலேயே இரண்டு மணி நேரம் தூங்கினார். நாங்கள் பலாப்பழம் வாங்கித் தின்றுகொண்டு காத்திருந்தோம். பிரேக்கும் ஆறியது, அவரும் கொஞ்சம் தெளிந்தார்.

அன்று ராத்திரி விடுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆட்களோடு 12 டன் எடையுள்ள பஸ், 2,203 மீட்டர் உயரத்து ஊட்டி ரயில் நிலைய மட்டத்திலிருந்து 326 மீட்டரில் இருக்கும் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால், விட்டுக்கொடுக்க வேண்டிய சக்தி சுமார் 61 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். டயர் உராய்வும் காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் டிரம் வாங்க வேண்டும். கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் அத்தனையும் டிரம்மில்தான் சூடாக இறங்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதைத்தான். அவர்கள் தெர்மோடைனமிக்ஸ் படிக்கவில்லை, அவ்வளவே. ஆனால் இரண்டு நாள் தூங்காதவனுக்கு இது தெரிந்தும் கை வராது.

போகிக்கு மாற்றுத் தோள் இருந்தது. டோங்காவுக்கு மாற்றுக் குதிரை. ரயிலில் பெட்டிக்கு ஒரு பிரேக்மேன், குன்னூரில் மாற்று எஞ்சின். இவ்வளவையும் யோசித்துச் செய்த அதே மலைக்கு இன்று நாம் 50 பேரை ஒரே மனிதரின் கையில் கொடுத்து அனுப்புகிறோம். நாம் லாட்ஜில் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறபோது அவர் ஊட்டிக் குளிரில் பஸ் சீட்டில் முடங்கிக் கிடக்கிறார். விடிந்தால் நம் குழந்தைகளை அவர்தான் 14 கொண்டை ஊசி வளைவில் இறக்கிக் கொண்டுவர வேண்டும். இதை எந்தச் சுற்றுலா ஏற்பாட்டாளரும் நோட்டீஸில் போடுவதில்லை.

ஆகவே என் யோசனை இதுதான். ஒரு நாள் ட்ரிப் வேண்டாம், இரண்டு ராத்திரி தங்குவோம். காலையில் மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறி மதியம் ஊட்டி சேரலாம். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும்போது இறங்கி நிற்கலாம். குரங்கு கையிலிருப்பதைப் பிடுங்கும், ஜாக்கிரதை. 'மூன்றாம் பிறை' கிளைமாக்ஸ் எடுத்த கேத்தி ஸ்டேஷன் வழியில்தான் வருகிறது. டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பஸ் காலியாக நிதானமாகப் பின்னால் வரட்டும்.

ஊட்டியில் படகு இல்லம், 1848-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இரண்டிலும் கூட்டம் நெரியும். அதிகாலையில் பூங்காவுக்குப் போய்விட்டு, பிறகு கல் வீட்டைப் பார்த்து வாருங்கள். ஓய்வு வேண்டும் என்பவர்கள் ஒரு நாளாவது எங்கும் போகாமல் இருங்கள். ஆரம்பத்தில் வந்தவர்கள் அதற்காகத்தான் வந்தார்கள்.

திரும்பும்போது கோத்தகிரி வழி. சீசனில் இறங்கும் வண்டிகளைப் போலீஸாரே அந்தப் பக்கம் திருப்பிவிடுவது வழக்கம். கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் சல்லிவனின் பழைய பங்களாவைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே லாங்வுட் சோலை. சோலைக்காடு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல இடம் இல்லை. பகல் வெளிச்சத்திலேயே இறங்கிவிட வேண்டும். மேலே வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் நின்று வழிவிட வேண்டும் என்பது சட்டம், ஞாபகம் இருக்கட்டும்.

மலையேற்றத்தில் ஆசை உள்ள மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். வனத்துறை அனுமதி, உள்ளூர் வழிகாட்டி இரண்டும் இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். 2024-லிருந்து அரசே வழிகாட்டியோடு மலையேற்றப் பாதைகளுக்குப் பதிவு செய்யும் வசதி செய்திருக்கிறது. மழைக்காலத்தில் எந்தத் திட்டமும் வேண்டாம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்ததையும், ரயில் பாதையே அடித்துப் போனதையும் மறக்கக் கூடாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் முறையும் வந்தது. கிளம்பும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கை விழாக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். அதில் நான்காவது வரி, இரண்டு டிரைவர்களுக்கு இரண்டு ராத்திரிக்கு ஒரு தனி அறை. தலைக்குப் பிரித்தால் அது ஒரு வேளைக் காப்பிச் செலவுக்கு மேல் வராது. அந்த வரியை அடிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வர விரும்புகிறவர்கள் குடும்பத்தில் எத்தனை பேர், வயது என்ன என்பதைக் குழுவிடம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். ரயில் டிக்கெட்டுக்குப் பெயரும் வயதும் வேண்டும்.