பிரித்து வைத்த பணியிடம்: கிள்ளான் பள்ளத்தாக்கின் பன்மைச் சமூகம்

கோலாலம்பூரையும் கிள்ளானையும் உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் பல இனத்தார் அடுத்தடுத்து வாழ்வது இன்று இயல்பான காட்சி. ஆயினும் அவர்கள் எந்தப் பணியில், யாருக்கு மேலே, யாருக்குக் கீழே நின்று ஒருவரையொருவர் முதலில் அறிந்தனர் என்பதைப் பாராமல் அந்த வாழ்வின் மனப்போக்கை விளங்கிக்கொள்ள இயலாது. பர்மாவில் ஆட்சிப் பணியாற்றிய ஜே. எஸ். ஃபர்னிவால் இத்தகைய குடியேற்ற நாட்டுச் சமூகத்தைப் 'பன்மைச் சமூகம்' என்றார். ஒரே ஆட்சியின்கீழ் வாழும் இனங்கள் சந்தையில் மட்டும் கூடி, மற்றவற்றிலெல்லாம் தனித்து நிற்கும் நிலையை அச்சொல் குறிக்கும். மலாயாவைப் பொறுத்தவரை இவ்விளக்கம் பாதி உண்மையே. அங்கே மக்களைச் சந்தையைவிட ஆழமாகப் பிரித்தது பணியிடம்.

1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சிதைத்தபின், அத்தாப்பு ஓலைக் கூரைகளுக்கு மாற்றாகச் செங்கல்லும் ஓடும் வேண்டப்பட்டன. சூளைகள் எழுந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் திசையில் இரயில் ஓடத் தொடங்கியது. நாளடைவில் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியரின் குடியிருப்பாயிற்று. உயர் பதவிகளில் ஐரோப்பியரும், எழுத்தர், நிலைய அதிபர் பணிகளில் பெரும்பாலும் யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற தமிழரும், தண்டவாள வேலையில் தமிழகத்திலிருந்து வந்த கூலித் தமிழரும் அமர்த்தப்பட்டனர். குடியிருப்பும் பதவியை ஒட்டியே வழங்கப்பட்டது. 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்ற இரண்டு மாடி வரிசை வீடுகள் கீழ்நிலை எழுத்தர்களுக்கும் பிற அரசு ஊழியர்களுக்கும் உரியவையாக இருந்தன. வழிபாட்டிடங்களும் பிறந்த மண்ணைத் தொடர்ந்தன: சிங்களவர் 1894இல் சங்கம் அமைத்துப் பௌத்த விகாரை கட்டினர், யாழ்ப்பாணச் சைவர் கந்தசுவாமி கோவில் எழுப்பினர், தமிழ் லூத்தரன் சபையார் தமக்கெனத் தேவாலயம் கட்டிக்கொண்டனர். இவை அருகருகே நிற்பதை மட்டும் கண்டு இணக்கத்தின் சின்னமெனப் போற்றுவோர், அவற்றை எழுப்பியவர்களின் சம்பளப் பட்டியலைப் பார்ப்பதில்லை.

கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் இந்த அடுக்கு இன்னும் கடுமையாக இருந்தது. உச்சியில் வெள்ளைக்காரத் துரை, அவருக்குக் கீழே கணக்கும் பேரேடும் வைத்திருந்த எழுத்தரான கிராணி, அவருக்குக் கீழே ஆள்திரட்டிய கங்காணி, அடியில் பால்மரம் வெட்டுவோர். கிராணிகளில் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் மிகுதி. ஒரே மொழி பேசியோரிடையே தோன்றிய பகையே பலவிடங்களில் மிகக் கசப்பானதாயிற்று என்பது உளவியல் நோக்கில் வியப்பன்று. சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1970களின் தொடக்கத்தில் நடத்திய சோதனைகளில், அற்பக் காரணத்தால் பிரிக்கப்பட்டோரும் தம் குழுவுக்கே சலுகை காட்டினர். தோட்டத்திலோ பிரிவுக்குச் சம்பளமும் அதிகாரமும் துணைநின்றன. நிலைச் சமம், பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு ஆகிய நான்கும் இருந்தால்தான் குழுக்களின் தொடர்பு தப்பெண்ணத்தைக் குறைக்கும் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதினார். தோட்டத்தில் ஒன்றுசேர்ந்து உழைக்கும் வேலை இருந்தது. நிலைச் சமம் அறவே இல்லை.

1941இல் கிள்ளானில் நடந்த வேலைநிறுத்தம் இதை வெளிப்படையாக்கிற்று. ஆர். எச். நாதன் வழிநடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலியையும் கள்ளுக்கடைகளை மூடுவதையும் கேட்டதோடு, கொடுமைக்காரக் கிராணிகளை நீக்கித் தமிழ் பேசும் ஊழியரை அமர்த்த வேண்டும் என்றும், துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளைவிட்டு இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்றும் கோரிற்று. இந்தச் சைக்கிள் கோரிக்கையைச் சில்லறையாகக் கருதுவது பிழை. கூலி வயிற்றைப் பற்றியது, இறங்குவதோ நாள்தோறும் உடலால் ஒப்புக்கொள்ள வைக்கப்பட்ட தாழ்வைப் பற்றியது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானதும் தோட்டங்கள் கொந்தளித்தன. மே 16இல் ஆளுநர் ஷென்டன் தாமஸ் சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தார். இந்தியர் அடங்கிய படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியபோது, துரைமாரே தோட்டங்களை விட்டு வெளியேறினர்.