கழுகைக் கடைசியாகப் பார்த்த நாள்

சென்ற பொங்கலுக்குப் பேரன் மதுரையில் இருந்து வந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பையை இறக்கி வைத்த கையோடு, "ஐயா, நாளைக் காலையில கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்க்குப் போவமா? பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இருக்கு" என்றான். மாட்டுப் பொங்கலும் அதுவுமாக விடியற்காலையில் குருவி எண்ணப் போகிறார்களாம் என்று அவன் அப்பத்தா முணுமுணுத்தாள். நான் கிளம்பிவிட்டேன். பணி ஓய்வு பெற்றவனுக்கு யாராவது கூப்பிட்டால் போதும்.

இந்தக் கணக்கெடுப்பு 2015இல் இருந்து ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் இருந்து, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி, இபேர்ட் என்ற தளத்தில் கைபேசி வழியாகவே ஏற்றிவிட வேண்டும். கானுயிர் அறிஞராக இருக்க வேண்டியதில்லை. காக்கையையும் மைனாவையும் கூட எண்ணத்தான் வேண்டும் என்று பேரன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. காரைக்குடியில் இருந்து திருப்பத்தூர் தாண்டி மதுரை போகும் வழியில் இருக்கிறது வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று ஊர்க் கண்மாய்கள்தான் சரணாலயம். மொத்தமே 38.4 ஹெக்டேர். 1977 ஜூன் மாதம் அரசு அறிவித்தது. ஆனால் ஊர்க்காரர்கள் அதற்கு வெகு காலம் முன்பே பறவைகளுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். தீபாவளிக்கு அங்கே வெடி கிடையாது. கோயில் திருவிழாவுக்கும் கிடையாது. தீபாவளி சமயத்தில் வனத்துறையினர் வந்து ஊராருக்கு இனிப்பு வழங்குவது செய்தித்தாளில் வரும், பார்த்திருப்பீர்கள்.

வேடந்தாங்கலுக்குக் காகிதம் இருக்கிறது. 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், அங்கே யாரும் பறவையைச் சுடக் கூடாது என்று ஊராருக்கு கௌல் எழுதிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். கொள்ளுக்குடிப்பட்டிக்கு அப்படி ஒரு துரை வரவில்லை. பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அவர்களே கண்டுகொண்டு, அவர்களே பேசி முடிவு செய்துகொண்டார்கள். நான் கால்நடை ஆய்வாளராக அந்தப் பக்கம் சைக்கிளில் சுற்றிய நாட்களில், ஒரு பெரியவர் வீட்டுக்கு மாடு பார்க்கப் போனேன். என் சைக்கிள் மணியை அடிக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். கருவேல மரங்களில் நாரைகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. மாடு வயிறு உப்பித் துடித்துக்கொண்டிருந்தபோதும் அவருக்கு அந்த நினைப்பு இருந்தது.

அன்று காலை பேரனும் நானும் நன்றாகவே பார்த்தோம். நத்தைகுத்தி நாரை எண்ணி மாளவில்லை. அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், சாம்பல் நாரை, வக்கா, புள்ளிமூக்கு வாத்து. திரும்பும் வழியில் வயலில் ஏழு மயில்கள். அவன் 'ஏழு' என்று தட்டினான், கைபேசி ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது மயில் பார்க்க வேண்டும் என்றால் குன்றக்குடி போக வேண்டும், அல்லது விராலிமலை. குன்றக்குடி மலையே மயில் வடிவம் என்று சொல்லி, மயிலைக் காட்டக் கூட்டிப் போவார் என் அப்பா. ஒரு தோகை கிடைத்தால் புத்தகத்துக்குள் வைத்துக் குட்டி போடும் என்று காத்திருப்போம். இப்போது நெல்லையும் கடலையையும் மயில் தின்று தீர்க்கிறது என்று விவசாயிகள் மனு கொடுக்கிறார்கள். 942 பறவை இனங்களைப் பற்றி 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை என்ற அறிக்கையும் மயில் பெருகிவருவதையே சொல்கிறது.

அதைச் சொன்னதும் பேரன் கேட்டான். "சரிங்கய்யா, நீங்க சின்னப் பிள்ளையில பார்த்து, இப்ப இல்லாத பறவை எது?"

யோசிக்கவே இல்லை. "கழுகு" என்றேன். கருடன் இல்லை, பருந்து இல்லை. பிணந்தின்னிக் கழுகு. சங்கப் பாட்டுகளில் எருவை என்றும் பாறு என்றும் வருவது.

அவன் கைபேசியில் வெண்முதுகுப் பாறு என்று தேடித் தட்டிக் காட்டினான். பக்கத்திலேயே 'அரிது' என்று வந்தது. எங்கே, எப்படி அடையாளம் கண்டீர்கள், படம் இருக்கிறதா என்று விவரம் கேட்டது.

அறுபதுகளில் எங்கள் ஊர்க்கோடிப் பொட்டலில் செத்த மாட்டைப் போடுவார்கள். தோலை உரித்துக்கொண்டு ஆள் போன சற்று நேரத்துக்கெல்லாம் வானத்தில் ஒரு புள்ளி தெரியும். பிறகு பத்து, பிறகு முப்பது. மத்தியானத்துக்குள் எலும்புதான் மிச்சம். பள்ளிக்கூடம் விட்டு வரும் நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தூர நின்று பார்ப்போம். தின்ற பாரத்தில் எழும்ப முடியாமல் தத்தித் தத்தி ஓடும். கல்லெறிவோம். அப்படி ஒன்றும் மரியாதைக்குரிய பறவையாக அதை நாங்கள் நினைக்கவில்லை. வீட்டுக் கூரையில் உட்கார்ந்தால் சாந்தி கழிக்க வேண்டும் என்பார்கள். திருக்கழுக்குன்றத்தில் மட்டும் அதன் உறவினமான வெள்ளைக் கழுகு இரண்டு, தினமும் உச்சிவேளையில் வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும். அதை ரிஷிகள் என்று கும்பிடுவார்கள். 1990களில் அவையும் வராமல் நின்றுவிட்டன.

ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில் இருந்த பெரிய வேட்டைப்பறவை இந்த வெண்முதுகுப் பாறாகத்தான் இருக்கும் என்று 1980களில் எழுதியிருக்கிறார்கள். 1992இல் இருந்து 2007க்குள் இந்தியாவில் இருந்தவற்றில் ஆயிரத்துக்கு ஒன்று கூட மிஞ்சவில்லை. பரத்பூரில் கழுகுகள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மரத்திலேயே சாவதை முதலில் கவனித்துச் சொன்னவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ். தொற்றுநோய் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2004இல் லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை நோயியல் அறிஞரும் அவர் குழுவினரும் பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்து விடை கண்டார்கள். சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகள் மீது சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருந்தது. காரணம் டைக்ளோபினாக். மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடுகிற ஊசி.

அந்த ஊசியை நான் போட்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளில் அது எங்கள் கைக்கு வந்தபோது வரப்பிரசாதம் போல இருந்தது. விலை குறைவு, வேலை செய்யும் வேகம் அதிகம். மடி வீங்கித் தொட விடாத பசு மறுநாள் கன்றுக்குக் கொடுக்கும். மஞ்சுவிரட்டில் காலைச் சுளுக்கிக்கொண்ட புலிக்குளம் காளை எழுந்து நிற்கும். மாட்டுக்காரர்கள் பெயர் சொல்லியே கேட்பார்கள். பிழைக்காது என்று தெரிந்த மாட்டுக்கும், வலியாவது குறையட்டும் என்று போட்டிருக்கிறேன். அங்கேதான் வினை. குணமான மாட்டின் உடம்பில் இருந்து சில நாட்களில் மருந்து வெளியேறிவிடும். ஊசி போட்ட ஓரிரு நாளில் செத்த மாட்டில் அப்படியே இருக்கும். ஒரு பிணத்தை ஐம்பது கழுகு தின்னும். ஆண்டுக்கு ஒரே முட்டை இடுகிற பறவை அது. நூறு பிணத்தில் ஒன்றில் மருந்து இருந்தால் கூடப் போதும், இவ்வளவு பெரிய அழிவு வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என்னை நானே தேவைக்கு மேல் குற்றம் சாட்டிக்கொள்ளவும் மாட்டேன். எனக்கு நினைவு தெரிந்த வரையில், எங்கள் பக்கம் கழுகு குறைந்தது அந்த மருந்துக்கு முன்பே. எண்பதுகளிலேயே பொட்டலில் நாய்கள்தான் நின்றன. ஆலும் அரசும் பனையும் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தன. நரிக்கும் நாய்க்கும் விஷம் வைத்த இறைச்சியைக் கழுகும் தின்றிருக்கும். ஆனாலும் எஞ்சியது எங்கிருந்தாவது திரும்பி வருவதற்கு ஒரு வாய்ப்பு இருந்ததே, அதை அடைத்ததில் இந்தக் கைக்கும் பங்கு உண்டு.

2006இல் மாட்டுக்கு டைக்ளோபினாக் கூடாது என்று மத்திய அரசு தடுத்தது. மெலாக்சிகம் என்ற மாற்று மருந்து கழுகுக்குக் கேடு செய்வதில்லை. அதற்கு மாறினோம். ஆனால் மனிதர்களுக்கான 30 மில்லி டைக்ளோபினாக் குப்பி கடையில் கிடைத்தது, அதை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். மனிதருக்கு அத்தனை பெரிய குப்பி எதற்கு? 2015இல் 3 மில்லிக்கு மேல் குப்பி கூடாது என்று ஆணை வந்தது. அதை எதிர்த்து மருந்துக் கம்பெனி போட்ட வழக்கை 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2023இல் கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் இரண்டையும் மாட்டுக்குத் தடை செய்தார்கள். இன்று தமிழ்நாட்டில் கழுகு கூடு கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்றால் முதுமலை, சத்தியமங்கலம் என்று மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

இதையெல்லாம் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து சொன்னபோது பேரன் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "நீங்க அப்பவே எழுதி வச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்யா" என்றான். எழுதி வைத்து என்ன ஆகும் என்று கேட்டேன். அவன் அரிட்டாபட்டியைச் சொன்னான்.

மேலூர்ப் பக்கம், இங்கிருந்து அதிக தூரமில்லை. அங்குள்ள குன்றுகளில் பறவை ஆர்வலர்கள் பல ஆண்டுகளாக ஏறி இறங்கி, ஏறக்குறைய 250 இனங்களைப் பதிவு செய்திருந்தார்கள். அவற்றில் தென்னாட்டில் காணக் கிடைக்காத லகர் வல்லூறும், ஷாகின் வல்லூறும், ராசாளிக் கழுகும் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதற்கு, சமணப் படுக்கைகளும் பழைய கல்வெட்டும் ஒரு காரணம் என்றால், இந்தப் பறவைப் பட்டியல் இன்னொரு காரணம். 2024இல் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. நின்று வென்றது மக்கள்தான். ஆனால் பேச்சுவார்த்தையிலும் பத்திரிகையிலும் வல்லூறு வந்துகொண்டே இருந்ததை நானும் கவனித்தேன்.

இபேர்டில் பழைய நினைவையும் பதியலாமாம். தேதியும் இடமும் தெரிந்தால் போதும் என்றான். இடம் தெரியும். தேதி?

வீட்டுக்கு வந்து பரணில் இருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினேன். என் சுற்றுப்பயண நாட்குறிப்புகள் ஓய்வு பெறும் வரைக்கும் ஒன்று விடாமல் இருக்கின்றன. எந்த ஊர், எத்தனை மைல், எத்தனை கருவூட்டல், எத்தனை தடுப்பூசி, என்ன மருந்து, எத்தனை மில்லி, எல்லாம் என் கையெழுத்தில். இரண்டு நாள் உட்கார்ந்து பேரனும் நானும் புரட்டினோம். 1979இல் ஒரு பக்கத்தில், ஊர்க் கண்மாய் உடைந்து சைக்கிளைத் தோளில் தூக்கிப் போனது கூட இருக்கிறது. கழுகு என்ற சொல் எங்கேயும் இல்லை.