மேசையில் இருப்பது மட்டும்



சென்ற ஞாயிற்றுக்கிழமை என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் வீட்டுக்கு வந்தான். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. "கடைசித் தவணை கட்டி நகையை மீட்டுட்டேன் டீச்சர்" என்றான். மூன்று வருடங்களுக்கு முன் கைப்பேசியில் போக்கர் ஆடி, மனைவியின் நகையை அடகு வைத்தவன். பெயர் சொல்லாமல் எழுதுங்கள் என்று அவனே கேட்டுக்கொண்டான்.

பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். "ஆல்-இன் போட்டா மேசையில இருக்கறது மட்டும்தானே போகும்னு நினைச்சேன் டீச்சர்."

அவன் சொன்ன விதி நூற்றுக்கு நூறு சரி. அப்படியானால் நகை எப்படிப் போனது? அந்தக் கேள்விதான் என்னை இந்த விளையாட்டின் வரலாற்றைப் படிக்க வைத்தது. கல்யாண வீட்டு ரம்மியைத் தாண்டி எனக்குச் சீட்டாட்டம் தெரியாது. படித்ததைப் பாடமாகச் சொல்கிறேன்.

போக்கர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில், நியூ ஆர்லியன்ஸ் பக்கம் உருவாகி மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளில் பரவியது. 1829இல் அப்படி ஒரு படகில் பார்த்த ஆட்டத்தை ஜோ கோவெல் என்ற ஆங்கில நடிகர் பின்னாளில் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். அன்று ஒரு கட்டில் 20 சீட்டுகள்தான். நான்கு பேர், ஆளுக்கு ஐந்து. பிறகுதான் 52 சீட்டு வந்தது.

இந்த ஆட்டத்துக்குத் தொடக்கத்திலிருந்தே இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, யாருக்கும் செலவு இல்லை என்றால் எல்லோரும் நல்ல சீட்டு வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார்கள், ஆட்டமே நடக்காது. அதற்காக வந்ததுதான் பிளைண்ட். சீட்டைப் பார்க்கும் முன்பே கண்ணை மூடிக்கொண்டு வைக்கும் கட்டாயப் பணம். அதனால்தான் அந்தப் பெயர்.

இன்றைய முறையில் சீட்டுப் போடுபவருக்கு இடப்பக்கம் இருப்பவர் ஸ்மால் பிளைண்ட் வைக்க வேண்டும். அடுத்தவர் பிக் பிளைண்ட். சின்னது பெரும்பாலும் பெரியதில் பாதி. டீலர் பட்டன் என்ற வில்லை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் இடம் நகரும். நம் வகுப்பில் கரும்பலகை துடைக்கும் முறை மாறி மாறி வருமே, அதுபோல இந்தச் சுமையும் எல்லோருக்கும் வரும்.

இரண்டாவது சிக்கல் பெரியது. ஒருவனிடம் நூறு ரூபாய், இன்னொருவனிடம் பத்தாயிரம். பணக்காரன் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனால், நல்ல சீட்டு வைத்திருந்தும் ஏழை விலக வேண்டியதுதான். இதைத் தடுக்க அந்தக் காலத்திலேயே வழி செய்தார்கள். பணம் போதாதவர், தன்னிடம் இருப்பதற்கு மட்டும் சீட்டைக் காட்டச் சொல்லலாம் என்று பழைய அமெரிக்க விதிப்புத்தகங்கள் உரிமை கொடுத்தன. அது வளர்ந்து, ஆட்டம் தொடங்கும்போது மேசையில் இருக்கும் பணம் மட்டுமே அந்த ஆட்டத்தில் செல்லும் என்ற விதியாக நிலைத்தது. நடு ஆட்டத்தில் சட்டைப் பையில் கைவிடக் கூடாது. இருப்பதை எல்லாம் வைத்துவிட்டால் அதுதான் ஆல்-இன். அதற்குமேல் அவனை யாரும் கேட்க முடியாது, விரட்டவும் முடியாது.

ஒரு கணக்குப் போடுவோம். மூன்று பேர். ஒருவரிடம் 100, ஒருவரிடம் 300, ஒருவரிடம் 800 ரூபாய். மூவரும் எல்லாவற்றையும் வைத்துவிட்டார்கள். ஆளுக்கு 100 வீதம் 300 ரூபாய் முதல் குவியல். அதற்கு மூவரும் போட்டியிடலாம். அடுத்த 200 வீதம் 400 ரூபாய் தனிக் குவியல், சைடு பாட். அது பின்னவர் இருவருக்கு மட்டும். எட்டுநூறுக்காரரின் மிச்சம் 500ஐ ஈடுகட்ட ஆளில்லை, அது அவருக்கே திரும்பிவிடும். கூட்டிப் பாருங்கள், 1200 சரியாக வரும். நூறு ரூபாய்க்காரர் தோற்றாலும் நூறுதான் போகும்.

எவ்வளவு நியாயமான விதி பாருங்கள்! இளைத்தவனுக்குப் போட்ட வேலி இது. ஆனால் ஒரு சிறு இடைவெளி உண்டு. ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் புதிதாகப் பணம் கொண்டுவரலாம். அன்று அதற்கு எழுந்து போக வேண்டும், யாரிடமாவது கேட்க வேண்டும். அந்த நடை கொஞ்சம் புத்தியைத் தெளியவைக்கும்.

டெக்சாஸில் பிறந்த ஹோல்டெம் என்ற வகை 1960களில் லாஸ் வேகாஸ் வந்தது. 1970இல் அங்கே உலகப் போக்கர் போட்டி தொடங்கியது. 1998 ஜனவரி 1 அன்று பிளானட் போக்கர் என்ற தளத்தில் உண்மைப் பணத்துடன் இணைய ஆட்டம் ஆரம்பமானது.

அப்போது தொலைபேசிக் கம்பி வழி இணையம், அடிக்கடி அறுந்துபோகும். பாதி ஆட்டத்தில் அறுந்தால்? அதுவரை வைத்த பணத்துக்கு அவரை ஆல்-இன் ஆனவராகக் கருதலாம் என்று தளங்கள் சலுகை தந்தன. பழைய விதியின் அதே இரக்கம்தான். நடந்தது என்ன? எதிராளி பெரிய பந்தயம் கட்டியதும் சிலர் வேண்டுமென்றே வயரைப் பிடுங்கினார்கள்! சலுகைக்கு வரம்பு வைத்தார்கள், பிறகு பெரும்பாலும் எடுத்தேவிட்டார்கள்.

2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் இணையத்தில் சிறு தொகை கட்டி, ஜெயித்து, உலகப் போட்டிக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றார். மணிமேக்கர் அவருடைய உண்மைப் பெயரேதான். அன்று ஆடியவர்கள் 839 பேர். 2006இல் 8,773 பேர். வென்றவரின் பெயர் உலகுக்கே தெரியும். வெறுங்கையோடு போன நூற்றுக்கணக்கானவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

மேசை கைப்பேசிக்குள் வந்ததும் கணக்கு மாறியது. ஒன்பது பேர் மேசை, பிளைண்ட் 5 ரூபாய், 10 ரூபாய் என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 15 ரூபாய், ஒன்றுமே ஆடாவிட்டாலும். நேரில் மணிக்கு 27 ஆட்டம் நடந்தால் மூன்று சுற்று, 45 ரூபாய். திரையில் 63 ஆட்டம் என்றால் ஏழு சுற்று, 105 ரூபாய். ஒரே நேரத்தில் நான்கு மேசை ஆடினால் 420. இதுபோக ஜெயிக்கும் பணத்திலும் தளம் ஒரு பங்கு பிடிக்கும்.

என் மாணவனிடம் கேட்டேன், "அந்த ராத்திரி எத்தனை தடவை பணம் ஏத்தினே?"

தலை குனிந்தான். "பதினோரு தடவை டீச்சர்."

விடை அதில்தான் இருக்கிறது. ஆல்-இன் விதி ஒவ்வொரு தடவையும் அவனைக் காப்பாற்றியது. பதினோரு தடவையும் மேசையில் இருந்தது மட்டும்தான் போனது. ஆனால் எழுந்து நடக்க வேண்டிய தூரம் ஒரு விரல் தொடுகையாகச் சுருங்கிவிட்டது. வேலி நின்ற இடத்திலேயே நிற்கிறது, கதவுதான் திறந்தே கிடக்கிறது.

நம் மாநிலம் 2022இல் சட்டம் கொண்டுவந்தது. அதில் ரம்மியையும் போக்கரையும் தடை செய்த பகுதி திறமை விளையாட்டுகளுக்குப் பொருந்தாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. போக்கரில் திறமை உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரவு இரண்டு மணிக்கு, பதினோராவது தடவை பணம் ஏற்றுகிறவனிடம் எந்தத் திறமை மிச்சமிருக்கும்?

பிள்ளைகளே, சட்டம் இருக்கட்டும். உங்களில் யாராவது அந்த நிலையில் இருந்தால், அடுத்த தடவை பணம் ஏற்றும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். எந்த நேரமானாலும் சரி. திட்ட மாட்டேன். நீங்கள் எழுந்து நடக்க வேண்டிய அந்தத் தூரமாக நான் இருந்துவிட்டுப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்